பியானோக்காரரின் கசப்புக் கஷாயம்

மனைவியிடம் இனிப் பொய்யே சொல்வதில்லை, இந்த ஒன்றைத் தவிர என்று பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் தீர்மானித்தார். அந்த ஒன்று அவர் பைக்குள், இருமல் மருந்துப் பாட்டிலில் குலுங்கிக்கொண்டிருந்தது.

பியானோவைச் சரிசெய்யப் போன ஓட்டலின் பாரில் மது கலக்குகிறவர் அன்போடு கொடுத்தது. ஜின்னோடு பிரான்சு நாட்டுச் சரக்கு இரண்டு: மலைவேரில் இறக்கிய மஞ்சள் கசப்பு ஒன்று, ஆரஞ்சுத் தோல் ஊறிய வெள்ளை ஒயின் ஒன்று. இந்த மாதிரிக் கசப்புக் கலவையை வழக்கமாகச் சிவப்பாய்க் கலப்பார்கள். இது அதன் வெளுத்த தம்பி. பாகற்காய் எழுந்து நின்று இடம் கொடுக்கும், அப்பேர்ப்பட்ட கசப்பு. முதல் வாயிலேயே, அறுபது வருஷமாய்த் தன் நாக்கு தூங்கிக்கொண்டிருந்ததே என்று அவருக்குத் துக்கமாகிவிட்டது.

ஆனால் குடியை விடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்து இரண்டு வருஷம். அவளோ முப்பது வருஷ மருந்துக்கடைக்காரி.

"என்னங்க பாட்டில் அது?"

"வயித்துக்கு. வேர்க் கஷாயம்."

மூடியைத் திறந்து முகர்ந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"யாரு குடுத்தா?"

"வெள்ளைச் சட்டை போட்டவர்தான். கலக்குறதுல கெட்டிக்காரர்."

"எப்ப சாப்பிடணுமாம்?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. ஐஸ் போட்டு."

"கஷாயத்துல ஐஸா?"

"வேருக்கு உஷ்ணம் ஜாஸ்தி."

"அப்ப அளவு முக்கியம். நானே தரேன்." பாட்டில் அவள் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

அன்றுமுதல் மாலைதோறும் ஒரு டீஸ்பூன். மேலே ஒரு டம்ளர் வெந்நீர். குழந்தைபோல வாயைத் திறந்தார், வேறு வழி? ஸ்பூனை நீட்டும்போது அவள் அவர் கண்ணையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தன்னை எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்தாம் நாள், வாயை மூடிக்கொண்டார்.

"அது மருந்தில்ல. சரக்கு."

"மோந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் வரும். நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவர் தலை குனிந்தார். மனசு லேசானது. லேசானதும் துணிச்சல் வந்தது.

"அதான் சொல்லிட்டேனே. இன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்து, ஆளுக்கு ஒரு கிளாஸ்..."

அவள் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டுக்கூட விழவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்ல அஞ்சு நாள் எடுத்துக்கிட்டீங்க. அது வரைக்கும் நான் வெறும் வாயோடயா காத்திருக்க முடியும்?"