மனைவியின் முட்டியில் கண்ட குறை

மனைவி ஜிம்முக்கு வருவதை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று கோச் முடிவு கட்டினார்.

காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல. ஜிம்மில் அவர் கண்ணைக் காட்டினால் பெரிய பெரிய அதிகாரிகள்கூட உட்கார்ந்து எழுந்தார்கள். அங்கே அவர் கோச். வீட்டிலோ கோச்சுக்கிறதுக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். இந்த இரண்டு இடத்தையும் ஒரே ஆள் பார்த்துவிடக் கூடாது.

“புதுசா யார் வந்தாலும் முதல்ல உடம்பைச் சோதிச்சுப் பார்ப்பேன். அப்புறம்தான் வெயிட்டு,” என்றார்.

“பாருங்களேன்,” என்று முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து நின்றாள் மனைவி.

ஹாலில் நாற்காலியை நகர்த்திவிட்டு ஸ்குவாட் செய்யச் சொன்னார்; முட்டியை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும். இடுப்பு சீராக இறங்கியது. முதுகு வளையவில்லை. குதிகால் தரையைவிட்டு எழவில்லை. வருஷக்கணக்கில் அவரிடம் பழகுகிறவர்கள் யாருக்கும் அப்படி வாய்த்ததில்லை. தொழில் தெரிந்த மனசு சபாஷ் போட வந்தது. அதை அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“முட்டி சரியில்லம்மா. உள்பக்கமா சாயுது.”

“வலிக்கவே இல்லையே?”

“அதான் ஆபத்தே. நீ இப்போதைக்கு எடையே தூக்கக் கூடாது.”

“ஒரு கிலோ?”

“அரை கிலோகூட.”

அவள் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் கூசியது.

மறுநாள் காலை வாசலில் தண்ணீர் கேன் நின்றது.

“ஏங்க, கேனை உள்ள வைங்க.”

“எப்பவும் நீதானே வைப்ப?”

“நீங்கதானே கூடாதுன்னீங்க. முட்டி.”

வைத்தார். அடுத்து ஈரத்துணி வாளி, மொட்டை மாடிக்கு. சாயங்காலம் மளிகைப் பை. ஸ்கூல் பஸ்ஸிலேயே தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டு மாடிப்படி. எதற்கும் ‘முட்டி’ என்ற ஒரே பதில். அதோடு முட்டி மோத அவரிடம் நியாயம் இல்லை.

வாரக் கடைசியில் மெத்தையைப் புரட்டும்போது இடுப்பில் சுளீரென்றது. வெளியே சொல்ல வெட்கம். மறுநாள் ஜிம்மில், தரையில் கிடக்கும் கம்பியை எப்படி எடுப்பது என்று புது ஆட்களுக்குக் காட்டக் குனிந்தவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மூச்சை அடக்காதீர்கள் என்று அவரிடம் தினமும் திட்டு வாங்கும் பல் டாக்டர்தான் அவரைக் கைத்தாங்கலாகப் பெஞ்சில் உட்கார வைத்தார். “மூச்சை விடுங்க கோச்,” என்றார். நாலு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது முதுகு குனியவில்லை. தலைதான் குனிந்திருந்தது.

“உன் முட்டி நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன்,” என்றார்.

“தெரியும்,” என்றாள், தைலத்தை எடுத்துக்கொண்டே.

“எப்படி?”

“மறுநாளே உங்க ஜிம் லேடி கோச்சுகிட்ட போய்க் காட்டினேன். குறையே இல்லைன்னாங்க. நீங்க இல்லாத மத்தியானத்துல அவங்ககிட்டதான் பழகிட்டு இருக்கேன்.”

அவருக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று. “நான் பொய் சொன்னதை அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“சேச்சே. ‘சாருக்கு இதுகூடவா பார்க்கத் தெரியாது?’ன்னு கேட்டாங்க. கட்டின புருஷனைப் பொய்யன்னு சொல்ல மனசு வரலை. ‘ஆமா, தெரியாது’ன்னுட்டேன்.”