நாகலெட்சுமிக்கு ஓர் இத்தாலிக் கார்

இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்த புதிது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டுமென்று, லிந்துலைப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அரசாங்கத்திடம் கேட்டிருந்தோம். எங்களிடம் இருந்தது கொழுந்து லொறி ஒன்றுதான். அது கொழுந்தை இறக்கிய பிறகுதான் மனுசரை ஏற்றும். போன வருஷம் சோலைமலையின் பெண்சாதி நாகலெட்சுமி அதற்காக வலியோடு காத்துக் கிடந்து, பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? ‘தோட்ட வாகன ஒப்பீட்டுச் சபை’ என்று ஒன்றை நிறுவியது. அதன் தலைவர் லியனார்ட் ஐயா அப்போதுதான் இத்தாலிக்குப் போய் வந்திருந்தார். எதற்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது இரண்டு பெரிய வர்ணப் படங்கள் கொண்டுவந்தார். ஒன்றில் சிவப்புக் கார், மற்றதில் மஞ்சள் கார். இரண்டு காரும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் படங்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“நோயாளி வழியில் சாவதற்கு மூலகாரணம் வேகக் குறைவு,” என்று ஐயா திருவாய் மலர்ந்தார். “சிவப்பு, எடுத்த எடுப்பிலேயே பறக்கும். மஞ்சளுக்கோ கதவு மேல்நோக்கித் திறக்கும். நன்கு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.”

சோலைமலை கையைத் தூக்கினான். “ஐயா, அதுல படுக்க எடம் இருக்குங்களா?”

“இருக்கை இரண்டு. ஒன்று டிரைவருக்கு, மற்றது நோயாளிக்கு.”

“வலி வந்தவ எப்படிங்க குந்திக்கிட்டுப் போவா?”

“வலி முற்றுமுன் ஆஸ்பத்திரி வந்துவிடும்.”

“நம்ம ரோட்டுல கல்லு முழங்கால் ஒசரம் நிக்குதுங்களே. வண்டி வயிறு தட்டாதுங்களா?”

“அது ரோட்டின் குறை. ரோடு இச்சபையின் வரம்புக்குள் வராது.”

இத்தோடு நாங்கள் சிரித்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மேல் டிவிசன் தலைவர் செல்லசாமி, “செவப்புதான்” என்றார். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கீழ் டிவிசன் தலைவர் பழனியாண்டி, “மஞ்சதான்” என்றார்.

அன்று பிடித்தது பைத்தியம். மேல் லயத்து வரிசை வீடுகளின் கதவுக்கெல்லாம் சிவப்புச் சாயம். கீழ் லயத்தில் மஞ்சள் அல்லாத சேலை கட்டினால் வீட்டில் சண்டை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள், எஞ்சின் முன்னால் இருப்பது நல்லதா பின்னால் இருப்பது நல்லதா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் கார் நல்லதண்ணி அடிவாரத்திலிருந்து படிக்கட்டு வழியாகவே சிவனொளிபாத மலை உச்சிக்கு ஏறிவிடும் என்றார் பழனியாண்டி. கண்ணால் பார்த்தவர் போலச் சொன்னதால் நம்ப வேண்டியதாயிற்று. சபையும் மாதா மாதம் வந்து, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் கோழி சாப்பிட்டு, ஒப்பீடு ஆழமாகி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

நல்ல மழை நாளொன்றில் நாகலெட்சுமிக்கு வலி கண்டது. லொறி கொழுந்தோடு போயிருந்தது. இப்படியான நேரத்தில் கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, நாலு ஆம்பிளைகள் தோள் கொடுத்துத் தூக்கிப் போவது எங்கள் வழக்கம். சோலைமலை தலைவர்மாரிடம் ஓடினான். வேலை நேரமானதால் இரண்டு லயத்திலும் ஆளுக்கு இரண்டு ஆம்பிளைகள்தான் இருந்தார்கள்.

“எங்காளுங்க தூக்குவாங்க. ஆனா மஞ்சக்காரன் அந்தக் கம்புல தோள் வைக்கக் கூடாது,” என்றார் செல்லசாமி.

“செவப்புக்காரன் முன்னால போவான், நாங்க பின்னால போகணுமா? நடக்காது,” என்றார் பழனியாண்டி.

“நீங்க ரெண்டு பேரும் நாசமாப் போங்க!” என்று கொழுந்துக் கூடையை வீசிவிட்டு வந்தாள் மீனம்மா. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கம்புக்குத் தோள் கொடுத்தார்கள். நாலாவது தோள் சோலைமலையுடையது. பாதி வழியில், பாலத்தடி வளைவில், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தியதாம். கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் சபை தன் இறுதித் தீர்மானத்தோடு பெரட்டுக்களத்துக்கு வந்தது. லியனார்ட் ஐயா தொண்டையைச் செருமினார்.

“எவ்வித வாகனமும் இன்றியே தாயும் சேயும் நலமாயிருப்பது ஐயந்திரிபற நிரூபணமாகிவிட்டபடியால், இத்தோட்டத்துக்கு வாகனம் தேவையில்லை எனச் சபை பெருமகிழ்ச்சியுடன் முடிவு செய்கிறது.”

சோலைமலை ஏதோ சொல்ல வாயெடுத்தான். பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மஞ்சள் கார் வரவில்லை என்று மேல் லயத்தில் கொளுத்தினார்கள். சிவப்புக் கார் வரவில்லை என்று கீழ் லயத்தில் கொளுத்தினார்கள்.