இரவு உணவுக்குப் பின் ஒன்று

திருவண்ணாமலை,
14-11-1984

அன்புள்ள தம்பி பார்சுவநாதனுக்கு அண்ணன் மல்லிநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. அருகன் அருளால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. தர்மவதியும் குசுமாவும் நலம். நான் நலமில்லை.

திங்கட்கிழமை தேரடி வீதியில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, உன் அண்ணி என்னை இழுத்துக்கொண்டு டாக்டர் ராஜமாணிக்கத்திடம் போனாள், ஆறு வருஷமாக என் பிரஷரைப் பார்க்கிறவர் அவர்தான், நெஞ்சில் ஒயர்களை மாட்டி ஈ.சி.ஜி. எடுத்தார், அந்தக் காகிதத்தை முழம் முழமாக இழுத்துப் பார்த்தவரின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "இதயத்தோட இடது பக்கச் சுவர் தடிச்சிருக்குங்க" என்றார். சுவர் தடிமனாக இருந்தால் வீட்டுக்கு நல்லதுதானே என்று கொஞ்சம் தெம்பாகவே கேட்டேன். "இது வீடு இல்லீங்க. பல வருஷமா பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அந்தத் தசை தடிச்சிருக்கு. பிரஷர் மட்டும் இருக்கிறவங்களைவிட இப்படித் தடிச்சவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து ஜாஸ்தி. நான் எழுதின மாத்திரையெல்லாம் போடறீங்களா, இல்லியா?"

முப்பது வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எழுதியதற்கு மேல் ஒரு எழுத்து கூட்டியவனா நான், குறைத்தவனா? "நீங்க எழுதினபடிதாங்க" என்றேன். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். தர்மவதி குறுக்கே புகுந்து, "ராத்திரி மாத்திரை ஒண்ணுகூடப் போடலீங்க. ரெண்டு டின்னு நெறய இருக்குது" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மருந்துச் சீட்டில் என்ன இருந்தது? 'காலை உணவுக்குப் பின் ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று.' பொழுது சாய்ந்தால் ஜைனர்களான நாம் வாயில் ஒரு பருக்கை வைப்போமா? இரவு உணவே இல்லாதவனுக்கு அதற்குப் பின் என்று ஒன்று எங்கிருந்து வரும்? சீட்டில் இருப்பதை வாங்காமல் இருக்கக் கூடாது என்று வாங்கி வைத்தேன், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பிரஷர் ஏன் எறங்கலன்னு ஆறு வருஷமா மண்டைய ஒடச்சிக்கிட்டிருக்கேன். சாயங்காலம் சாப்பிட்டதும் போட்டாலே போதுமேங்க!" இனி ஒழுங்காகப் போட்டால் தடிப்புக் குறையலாம் என்றார். குறையும் என்று சொல்லவில்லை, தம்பி.

எனக்குப் பயமாக இருக்கிறது. தை மாதம் குசுமாவுக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்துக் கொடுக்க நான் இருப்பேனோ மாட்டேனோ. நீ உடனே புறப்பட்டு வந்து பந்தல்காரன் முதல் சமையல்காரன் வரை எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொள். நான் இல்லாவிட்டால் நீதான் அவளுக்கு அப்பா. நீயாவது ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சந்தனாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மல்லிநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சந்தனாவின் கார்டு வந்தது. உனக்கு மூன்று வருஷமாகப் பிரஷராமே! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? காலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றாம். 'டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறார், இருந்தும் குறையவில்லை' என்று எழுதியிருக்கிறாள். உன்னை எனக்குத் தெரியாதா? நீ இப்போதைக்கு இங்கே வர வேண்டாம். பந்தலையும் சமையலையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இது கைக்கு வந்த அன்றே சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடு, மறுநாள் காலையில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத் தந்தி கொடு. நீ இல்லாமல் குசுமாவுக்குக் கல்யாணம் நடத்த என்னால் ஆகாது.