வீங்கிய முகமும் வேர்க்கடலை நோட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். முப்பத்தைந்து வருடம் மூட்டை தூக்கிய கைக்குப் பேனாதான் பாரமாக இருக்கிறது. இங்கு நாங்கள் நலம். என் இடது காதும் வலது முழங்கையும் மட்டும் இன்னும் அரிக்கின்றன. உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

மூன்று வாரத்துக்கு முன் நீ கொண்டுவந்த வறுத்த மீனைத் தின்ற அரை மணியில் என் முகம் வீங்கியதும், கீழ்வீட்டுக்காரர் என்னிடமே வந்து, "பெரியவர் உள்ளே இருக்காருங்களா?" என்று கேட்டதும், "இனி உங்க தங்கச்சி கையால ஒரு பருக்கை இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று உன் அண்ணி கத்தியதும், நீ பாத்திரத்தைக்கூட எடுக்காமல் அழுதுகொண்டே போனதும் உனக்குத் தெரியும். இப்போது, "என் கையிலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி, எண்பது பேருக்குச் சமைக்கும் விடுதி வேலையை மாதக் கடைசியோடு விடப்போகிறாயாமே. மாப்பிள்ளை சொன்னார். விடாதே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முகத்தைக் காட்டப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: "வீக்கம் வடிஞ்சாலும் அரிப்பு, வயித்து மந்தம், அசதி எல்லாம் கொஞ்ச நாள் வரும், போகும், பயப்படாதீங்க. வீங்கின நாள்ல இருந்து என்ன சாப்பிட்டீங்க, எப்போ சாப்பிட்டீங்க, எங்க அரிச்சுதுன்னு நோட்டுல குறிச்சு வைங்க. எழுதத் தெரியுமில்ல?" போன வருடம் கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பேன். "தாராளமா" என்றேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த முதியோர் வகுப்பு டீச்சர் அந்த இடத்தில் இல்லையே என்றுதான் வருத்தம். அன்றிலிருந்து எழுதினேன், எழுதினேன், அப்படி எழுதினேன். கத்தரிக்காய் தின்றால் ஏழு எழுத்து எழுத வேண்டும் என்று பாலும் சோறும் மோருமாகவே ஓட்டினேன். வயிறு தேறியதற்கு மருந்து பாதி, இது பாதி. ஆனால் மனதில் வைத்தால் எனக்கு மட்டும்தான் தெரியும், நோட்டில் வைத்தால் எழுத்துத் தெரிந்த எவருக்கும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. வீங்கிய நாளின் பக்கத்தில், "காலை பத்து மணி, தையல்காரர் கடை, வேர்க்கடலை இரண்டு கை, மனைவிக்குத் தெரியாது" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். வாயுத் தொல்லைக்காக உன் அண்ணி தடை போட்ட அதே கடலை. அவள் அதை எடுத்துப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"இத தின்னுட்டா அவ மேல பழி போட்டீங்க?"

"பழி போட்டது நீதானே?"

"பேசாதீங்க. பேசினா மறுபடி வீங்கும்."

டாக்டரம்மாவும் நோட்டைப் பார்த்து, "கடலையாவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும்" என்றார். அந்த "இருக்கலாம்" உன் அண்ணி காதில் விழவே இல்லை. ஆகவே தங்கச்சி, உன் மீன் நிரபராதி. கடலைதான் குற்றவாளி. நீ நிமிர்ந்து நின்று கரண்டியைப் பிடி.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, அரிப்பில்லாத உடம்போடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கடலை நிரபராதி. மீன்தான். நான்கு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் மேலே உள்ளதை அழகுக்காக வைத்துக்கொள். ஆனால் உன்னைப் பற்றித்தான் முதலில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சமைச்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இவர் உடம்புக்குத்தான் மீன் ஆகல. யார் கையால தின்னாலும் வீங்கியிருக்கும்" என்றார். அண்ணி பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் உன் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அவளையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. வர்றப்ப கத்தரிக்காய் செஞ்சு எடுத்துட்டு வரட்டும்" என்றாள். வா. ஏழு எழுத்தையும் நான் எழுதிக்கொள்கிறேன். நீ வேலையில் இருக்கிறாய் என்று நம்பி, அடுத்த வாரக் கடிதத்தை விடுதி விலாசத்துக்கே போடுவேன்.