கூடத்தில் வளர்ந்த விமானம்

விமானம் கட்டியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். கட்டிய விமானத்தின் இறக்கையில் மழைக்காலத்தில் மனைவி புடவை காயப்போட, அதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தவர் எங்கள் புரொப்பெல்லர் மாமா ஒருவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் நான் குடியிருந்தேன். மாமாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் விபத்தை அலசிவிட்டு, சாயங்காலம் வந்து தன்னுடையதற்கு அஸ்திவாரம் போடுவார். ஆள் ஏறாமல் தானே பறக்கிற விமானம். பதினாலடி இறக்கை. கூடத்து ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அதே கொக்கிகளில் அதைத் தொங்கவிட்டிருந்தார். அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தவர்கள் யாரும் கிடையாது.

இறக்கைக்கு உறை தைக்க மலைக்கோட்டை அடிவாரத்துத் தையற்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு கை மட்டும் தைக்கணும். உடம்பு வேண்டாம்" என்றார்.

"கை நீளம் எவ்ளோங்க?"

"ஒவ்வொண்ணும் ஏழடி."

தையல்காரர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். "ஆளை நேர்ல கூட்டிட்டு வந்துருங்க சார். அளவெடுக்காம நான் தைக்கிறதில்ல."

விமானத்துக்கு மூளை, ஆட்டோபைலட் என்கிற தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு. ஆன்லைனில் வரவழைத்தார். 'கிளம்பத் தயார்' என்று நாம் பொத்தானை எந்த இடத்தில் அழுத்துகிறோமோ, அந்த இடத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும். நடுவானில் ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால், யாரும் சொல்லாமலே அந்த இடத்துக்குத் திரும்பிவிடும். பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போட வருபவர் வரை எல்லோரையும் நிறுத்தி இதை விளக்கினார்.

"சமத்து" என்றாள் மாமி. "ஒங்களைக் கறிகாய் வாங்க அனுப்பினா இப்படித் திரும்பி வரேளா?"

மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானதும் மாமி பேச்சை நிறுத்திவிட்டுத் தீர்ப்பையே சொல்லிவிட்டாள். "ஒரு தடவை பறக்கட்டும். பறந்துட்டு முழுசாத் திரும்பி வந்தா ஆத்துலயே வெச்சு சேவிக்கறேன். இல்லேன்னா காயலாங்கடை. எனக்கு என் ஊஞ்சல் வேணும்." மாமாவுக்கு அன்றிரவு தயிர் சாதம்கூட இறங்கவில்லை.

ஏர்போர்ட் இருக்கிற ஊர் என்பதால் இங்கே பறக்கவிட முடியாது. அனுமதியெல்லாம் வாங்கி, துறையூர்ப் பக்கம் ஒரு தரிசு நிலத்தைப் பிடித்தோம். கிளம்புகிற அன்று மாமி பஞ்சாங்கத்தோடு வாசலில் நின்றாள். துறையூர் போய்ச் சேர்வதற்குள் ராகுகாலம் வந்துவிடுமாம்.

"நல்ல நேரத்துல இங்கேயே ஆன் பண்ணிடுங்கோ. நடுவுல அணைக்கப்படாது."

ஆகவே வாசல் கோலத்தின் மேல் விமானத்தை வைத்து, மூக்கில் திருமண் இட்டு, துளசி தீர்த்தம் தெளித்து, மாமா பொத்தானை அழுத்தினார். புரொப்பெல்லரையும் இறக்கையையும் கழற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, அணைக்காமலே துறையூர் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பறந்தது. சத்தியமாகப் பறந்தது. மண்ணை விட்டு அது எழும்பியபோது மாமா ரிமோட்டைப் பிடித்தபடியே அழுதார். இரண்டு வட்டம் அழகாக அடித்தது. அப்புறம் ரிமோட் கீச்சென்று கத்தியது. தொடர்பு போய்விட்டது.

"பயப்படாதே தம்பி. இப்ப பாரு, சமத்தா நம்மகிட்ட வரும்" என்றார் மாமா.

வந்தது. எங்கள் தலைக்கு மேலே வந்தது. நிற்காமல் தெற்கே போய்க்கொண்டே இருந்தது.

"எங்கேங்க மாமா போகுது?"

மாமா ரிமோட்டைத் தாழ்த்தினார். பிறகு சின்னக் குரலில், "ஆத்துக்கு" என்றார்.

பொத்தானை அழுத்தியது வீட்டு வாசல் கோலத்தில் அல்லவா! பேட்டரியோ பாதி வழிக்குக்கூடக் காணாது. குட்டியானையில் துரத்தினோம். யார் தலையிலும் விழக்கூடாதே என்று மாமா வழியெல்லாம் ரங்கா ரங்கா என்று அரற்றினார்.

தனக்குப் போனை எடுக்கிற வழக்கமில்லாததால் மாமா விமானத்தில் மாமியின் நம்பரைத்தான் எழுதியிருந்தார். ஒரு விவசாயி மாமியைக் கூப்பிட, மாமி என்னைக் கூப்பிட, நாங்கள் ஒரு வெங்காய வயலில் போய் நின்றோம்.

"யாரு மேலயும் விழலைங்க" என்றார் விவசாயி. "அலுங்காமத்தான் எறங்குச்சு, கடைசில வரப்பு தடுக்கிருச்சு. திருமண் போட்டிருக்கவும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் கிட்டக்க போனேங்க."

இடது இறக்கை ஒடிந்திருந்தது. ஸ்ரீரங்கம் வரை மாமா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் மாமியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"முழுசா வரலே. காயலாங்கடைக்காரனை வரச் சொல்லு" என்றார்.

மாமி ஒடிந்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "தொடர்பு விட்டப்பறம் அது எங்கே போயிண்டிருந்தது?"

"ஆத்துக்குத்தான்."

"ஆத்துக்கு வரேன்னு கிளம்பினதை யாராவது காயலாங்கடைல போடுவாளா? உள்ளே கொண்டு வாங்கோ."

நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கட்டுப் போட்ட இறக்கைக்குக் கீழே குனிந்துதான் கூடத்துக்குள் வந்தார்கள். ஊஞ்சல் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

நான் இப்போது புத்தூரில் இருக்கிறேன். மொட்டை மாடியில் நிற்கும்போது தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்தால், அதன் மூக்கில் திருமண் இருக்கிறதா என்று என்னையறியாமல் பார்க்கிறேன். இல்லையென்றால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.