கேஷவின் காற்றுக் குழாய்

"அப்பா, நம்ம கார் ஏன் இப்படி மூச்சு வாங்கறது?"

செம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு நாள் மகள் கேட்டாள். கோழிக் கூண்டுகள் அடுக்கிய டெம்போ ஒன்று அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் அந்த ஹமீது பாய் பண்ணின சர்வீஸ்" என்றான் கேஷவ்.

தேவ்நாரில் கராஜ் வைத்திருக்கும் ஹமீது பாய் இரண்டு வருஷத்துக்கு முன் எஞ்சினைக் கெடுத்துவிட்டார் என்று அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் அவன் சொல்லாத வீடில்லை. அங்கிருந்து இப்போது ஒரு காரும் அவரிடம் போவதில்லை.

ஆனால் மகளின் கேள்வி அவனை உறுத்தியது. எஞ்சினுக்குக் காற்று அதிகம் போக வழி சொல்லும் வீடியோ பார்த்தான். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பழைய ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, பிவிசி குழாயை வளைத்து, நுனியில் புது ஃபில்டரைச் செருகினான்.

"பாத்ரூம் குழாயையா காருக்கு வெச்சிருக்கேள்?" என்றாள் மனைவி பத்மஜா.

அதே மேம்பாலம். முன்பு ஏற முப்பத்தொரு விநாடி. இப்போது இருபத்து நான்கு! கேஷவ் லட்டு கொடுத்தான். எதிர்வீட்டுக்காரரும், அணுசக்தி நகர் நண்பர் திருவேங்கடமும் தங்கள் கார்களுக்கும் குழாய் கேட்டார்கள். மாட்டிக்கொடுத்தான்.

இரண்டு காரும் முன்னைவிட மெதுவாக ஏறின. எஞ்சின் சூட்டுக்கு எட்டாத குளிர்ந்த காற்று கிடைக்கட்டும் என்று குழாயைத் தாழ்த்தினான். சயானில் தேங்கிய மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எதிர்வீட்டுக் கார் நின்றுவிட்டது.

"உன் வண்டியிலே மட்டும் எப்படி வேலை செய்யறது?" என்றார் திருவேங்கடம். "பழைய டப்பாவை மறுபடி மாட்டி அளக்கணும். அதுதான் டெஸ்ட்."

மாட்டுவதற்கு முன் டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே ஃபில்டர், கடையில் வாங்கிய பாலிதீன் உறையோடு இருந்தது. உறையில் அங்கங்கே பொத்தல்.

அதை வாங்கி மாட்டியவன் கேஷவ்தான். ஹமீது பாயிடம் சர்வீஸுக்கு விடுவதற்கு முதல் நாள். ரிமோட்டுக்கும் சோபாவுக்கும் உறை பிரிக்காத வீடு அது.

"இதோட எஞ்சின் எப்படிப்பா ரெண்டு வருஷம் ஓடித்து?" என்று கேட்டாள் மகள்.

"எலி கடிச்சிருக்கும். அந்த ஓட்டை வழியாக் காத்து போயிருக்கும்" என்றான் கேஷவ்.

உறையைப் பிரித்து, டப்பாவை மாட்டி அளந்தார்கள். இருபத்து நான்கு விநாடி. குழாய் ஒன்றும் செய்திருக்கவில்லை.

பத்மஜா சிரிக்கவில்லை. "அந்த மனுஷரைப் பத்தி எத்தனை பேர்கிட்ட சொன்னேள்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை சுவாமி விளக்கின் முன் அவனுக்குக் கை கூப்ப முடியவில்லை. சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், "தப்பு என்னுது" என்றான். பிறகு தேவ்நாருக்குப் போனான்.

கராஜில் வேறு யாரும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

ஹமீது பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அப்பமே பாத்தேன் சார். 'ஃபில்டர் நானே மாட்டினது, தொடாதீங்க'ன்னு சொல்லியிருந்திய. உறையைப் பிரிச்சா உங்க மனசு சங்கடப்படுமேன்னு, காத்து போக ஸ்க்ரூடிரைவரால நாலு பொத்தல் மட்டும் போட்டு வுட்டேன்."