கேசியா சொன்ன சாட்சி

என் மனைவி கேசியாவுக்குக் கிடைத்த பதவி உயர்வை ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்தேன்.

சத்தியவேட்டுப் பக்கம் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே லைனில் வேலை. லைனில் முக்கால்வாசி பெண்கள்; லீடர் மட்டும் எப்போதும் ஆண். வந்த லீடருக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தவள் கேசியா. இந்த முறை கம்பெனிக்கு என்ன ஞானோதயமோ, அவளையே லீடராக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் நான் டீ குடிக்கப் போவதற்கு என் மனைவியிடம் அனுமதி கேட்க வேண்டும்!

"வேணாம்னு சொல்லிடு. வீட்டை யாரு பாக்கறது?" என்றேன்.

"ஏன், நீங்க எங்கனா ஊருக்குப் போறீங்களா?"

பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் எங்கள் சபையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் ஒன்றைச் சொல்லி, எல்லோரும் 'ஆமென்' போட்டுவிட்டால், அதை யாராலும் மாற்ற முடியாது. 'குடும்பத்துக்காக என் மனைவி அந்தப் பதவியே வேணாம்னுட்டா, ஸ்தோத்திரம்!' பாத்ரூமில் ஒத்திகை பார்த்தேன். கொஞ்சம் சத்தமாகவே பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"இன்னாங்க, உள்ள யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"

"ஜெபம் பண்றேன்!"

"பண்ணுங்க, பண்ணுங்க. எனக்கும் கேக்குது."

சாட்சி நேரம் வந்தது. தொண்டையைக் கனைத்தேன். எங்கள் சபையில் முதலில் பெண்கள் பக்கம்தான் என்பதைச் சுத்தமாக மறந்திருந்தேன். கேசியா எழுந்துவிட்டாள்.

"நான் வேலை சொல்லிக்குடுத்த ஆம்பளைங்கல்லாம் லீடராயிட்டாங்க. நான் மட்டும் நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்ப கர்த்தர் கண்ணைத் தொறந்தாரு. 'தைரியமா ஏத்துக்கோ, காலைச் சமையலை நான் பாத்துக்கறேன்'னு என் வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. கதவைச் சாத்திக்கினு இதுக்காக ஜெபம் வேற பண்ணாரு!"

"அல்லேலூயா!" என்று சபை அதிர்ந்தது.

"பிரதர் இஸ்ரேல், எழுந்து நீங்களும் சொல்லுங்க," என்றார் பாஸ்டர்.

எழுந்தேன். ஒத்திகை பார்த்ததில் கடைசி வார்த்தை மட்டும்தான் வாயில் வந்தது.

"ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

திங்கட்கிழமை தோசை சுட்டு, அவளுக்கு டப்பா கட்டிக் கொடுத்து, பாத்திரம் கழுவி நிமிர்ந்தால், கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். வாசலில் புது லீடர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தோசை நல்லா இருந்துச்சி," என்றாள். "ஆனா ஏன் லேட்டு?"